உள்ளே வந்த மருந்தை வெளியே தள்ளும் புற்றுநோய்

மும்பையில் குடியிருப்புகளின் முன்புறத் தொட்டிகளிலும், கோயில் மதிலோரங்களிலும், காலி மனைகளிலும் ஆண்டு முழுவதும் ஊதாவும் வெள்ளையுமாகப் பூத்துக்கொண்டே இருக்கும் ஒரு செடி உண்டு. மராத்தியர்கள் அதைச் 'சதாஃபுலி' என்கிறார்கள். நமக்கு அது நித்திய கல்யாணி. ஆடு மாடுகள் அதில் வாய் வைப்பதில்லை. காரணம், அதன் இலை விஷம்.

அந்த விஷம்தான் இன்று புற்றுநோய்க்கு மருந்து. கனடாவில் வெஸ்டர்ன் ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் டாக்டர் ராபர்ட் நோபிளும் டாக்டர் சார்லஸ் பீரும் நீரிழிவுக்கு மருந்து தேடி இந்த இலையை ஆராய்ந்தார்கள். நீரிழிவுக்கு அது பயன்படவில்லை. ஆனால் சோதனைப் பிராணிகளின் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் வெகுவாகக் குறைந்ததைக் கண்டார்கள். வெள்ளை அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகும் ரத்தப் புற்றுநோய்க்கு இது உதவுமே என்று அவர்களுக்குத் தோன்றியது. 1958ல் வின்பிளாஸ்டின் என்ற மருந்தைப் பிரித்தெடுத்தார்கள். அதன் சகோதர மருந்தான வின்கிரிஸ்டினுக்கு 1963ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் உலகெங்கும் கொடுக்கப்படும் முக்கிய மருந்துகளில் அது ஒன்று.

இரண்டாம் முறை ஏன் கேட்பதில்லை?

இத்தகைய மருந்துகளைக் கொண்டு செய்யும் சிகிச்சைதான் கீமோதெரபி. அதற்காக ஆஸ்பத்திரிக்கு நடையாய் நடந்த குடும்பங்களுக்கு ஓர் அனுபவம் பழக்கமாக இருக்கும். முதலில் மருந்து நன்றாகக் கேட்கிறது. கட்டி கரைகிறது, ரத்தப் பரிசோதனை முடிவு நம்பிக்கை தருகிறது. வீட்டில் நிம்மதி திரும்புகிறது. சில மாதங்களோ, சில ஆண்டுகளோ கழித்து நோய் மறுபடியும் தலை தூக்குகிறது. அதே மருந்தைக் கொடுத்தால் இம்முறை கேட்பதில்லை. சரி, வேறு மருந்து கொடுக்கலாம் என்றால் அதுவும் கேட்பதில்லை. இதுவரை அந்த உடல் பார்த்தே இராத மருந்து அது. பின் எப்படிப் பழகியது?

"பத்தியம் சரியில்லை", "மனதைத் தளர விட்டுவிட்டார்", "டாக்டர் மருந்தை மாற்றியிருக்கக் கூடாது" என்று உறவினர்கள் ஆளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள். நோயாளியும் தன்னையே நொந்துகொள்வார். ஆனால் இதற்குப் பல சமயங்களில் காரணமாக இருப்பது மனிதர் யாருடைய தவறும் அல்ல. புற்றுநோய் செல்லின் தோலில் உட்கார்ந்திருக்கும் ஒரு நுண்ணிய பம்பு.

வெள்ளெலிச் செல்கள் சொன்ன ரகசியம்

இந்தப் பம்பு அகப்பட்டதும் கனடாவில்தான். 1970களில் டொரான்டோவில் டாக்டர் விக்டர் லிங் என்ற விஞ்ஞானி, சீன வெள்ளெலி எனப்படும் ஹாம்ஸ்டரின் செல்களைக் கண்ணாடித் தட்டுகளில் வளர்த்துச் சோதித்து வந்தார். அவர் பயன்படுத்திய விஷம் கால்சிசின். இந்தப் பொருளும் நமக்கு அந்நியமல்ல. தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளின் விதையிலும் கிழங்கிலும் இருப்பது இதுவே. ஒட்டன்சத்திரம், மூலனூர் பக்கத்து விவசாயிகள் கண்வலிக் கிழங்கு என்று பயிரிட்டு விதையை விற்பதும் இந்தக் கால்சிசினுக்காகத்தான்.

லிங் முதலில் சிறு அளவில் விஷத்தைக் கொடுத்தார். பெரும்பாலான செல்கள் மடிந்தன. தப்பிய சிலவற்றை வளர்த்து, விஷத்தின் அளவைக் கூட்டினார். மறுபடியும் சில தப்பின. இப்படியே படிப்படியாக, விஷத்திலேயே வாழும் செல்கள் உருவாயின.

இதில் ஒரு விசித்திரம். கால்சிசினுக்கு மட்டுமே பழக்கப்பட்ட அந்தச் செல்கள், தாம் கண்டிராத வேறு மருந்துகளுக்கும் அசையவில்லை. மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து கிடைக்கும் டானோரூபிசின் அவற்றில் ஒன்று. அதன் வடிவமும் வேறு, கொல்லும் விதமும் வேறு. இருந்தும் பயனில்லை. நியூயார்க்கில் டாக்டர் ஜூன் பீட்லரும் 1970லேயே இதே போன்ற ஒரு புதிரைக் கண்டிருந்தார்.

1976ல் லிங்கும் அவருடைய சகா ரூடால்ஃப் ஜூலியானோவும் விடையின் முதல் பகுதியை வெளியிட்டார்கள். பிழைத்த செல்களின் மேலுறையில் ஒரு பெரிய புரோட்டீன் இருந்தது. சாதாரணச் செல்களில் அது தென்படவில்லை. எந்த அளவுக்கு எதிர்ப்பு அதிகமோ, அந்த அளவுக்கு இந்தப் புரோட்டீனும் அதிகம். மருந்து உள்ளே புகாதபடி இது உறையை இறுக்குகிறது என்று அவர்கள் முதலில் கருதினார்கள். புகவிடும் தன்மையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்தைச் சேர்த்து 'பி-கிளைகோபுரோட்டீன்' என்று பெயரிட்டார்கள்.

பெயர் நிலைத்துவிட்டது. ஆனால் அது செய்யும் வேலை வேறு. கோபன்ஹேகன் நகரில் கெல்ட் டானோ என்ற டாக்டர் 1973லேயே அதற்குத் தடயம் காட்டியிருந்தார். எதிர்ப்புச் சக்தி பெற்ற செல்களின் எரிபொருளை அவர் நிறுத்திப் பார்த்தார். உடனே செல்லுக்குள் மருந்து சேர்ந்தது. எரிபொருளைத் திரும்பக் கொடுத்தபோது மருந்து வெளியேறியது. கதவு மூடியிருந்தால் எரிபொருள் எதற்கு? ஆகவே மருந்து உள்ளே வராமல் இல்லை. வந்ததை யாரோ சக்தியைச் செலவழித்து வெளியே இறைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பம்பு வேலை செய்யும் விதம்

ஓட்டைப் படகில் போகிறவன் தண்ணீரை அள்ளி அள்ளிக் கொட்டுகிறான். தண்ணீர் வருவது நிற்பதில்லை. ஆனாலும் படகு மூழ்குவதில்லை. புற்றுநோய் செல் தப்புவதும் இப்படித்தான்.

பி-கிளைகோபுரோட்டீன் 1,280 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு நீண்ட சங்கிலி. செல்லின் உறைக்குள் அது பன்னிரண்டு முறை உள்ளும் வெளியுமாக ஊடுருவி நிற்கிறது. நடுவில் ஓர் அறை. அறையின் வாய் செல்லின் உட்புறம் பார்த்துத் திறந்திருக்கும். உறையில் கரையக்கூடிய அந்நியப் பொருள் ஏதாவது அறைக்குள் வந்து ஒட்டினால், செல்லின் எரிபொருளான ஏ.டி.பி.யைச் செலவழித்துப் புரோட்டீன் தன் உருவத்தை மாற்றிக்கொள்கிறது. உள்வாய் மூடி வெளிவாய் திறக்கிறது. பொருள் வெளியே விழுகிறது.

பூட்டுக்குச் சாவி போல ஒரு பொருளுக்கு ஒரு புரோட்டீன் என்பதுதான் உடலில் பொது விதி. இந்தப் பம்பு அந்த விதிக்கு அடங்குவதில்லை. அதன் அறை விசாலமானது. கால்சிசின், வின்கிரிஸ்டின், டாக்சோரூபிசின், யூ மரப்பட்டையிலிருந்து வந்த பாக்ளிடாக்சல் எல்லாவற்றையும் அது பிடித்துத் தள்ளும். ஒரு மருந்துக்குப் பழகிய செல் மற்ற மருந்துகளுக்கும் மசியாத மர்மம் இதுதான்.

1986ல் மனிதர்களில் இந்தப் பம்பை உருவாக்கும் மரபணு கண்டறியப்பட்டது. பின்னர் இதே வேலை செய்யும் வேறு பம்புகளும் அகப்பட்டன. 1992ல் கனடாவின் கிங்ஸ்டன் நகரில் நுரையீரல் புற்றுநோய் செல்லிலிருந்து ஒன்று. 1998ல் அமெரிக்காவின் மேரிலாந்தில் மார்பகப் புற்றுநோய் செல்லிலிருந்து மற்றொன்று.

இதய மருந்து தந்த நம்பிக்கை

பம்புதான் குற்றவாளி என்றால் பம்பை அடைத்துவிட்டால் போயிற்று. அதற்கு வழி காட்டியவர் ஜப்பானிய விஞ்ஞானி தகாஷி சுருவோ. இதய நோய்க்குக் கொடுக்கும் வெரபாமில் என்ற சாதாரண மருந்தை வின்கிரிஸ்டினுடன் சேர்த்தபோது, வின்கிரிஸ்டினுக்கு மசியாத ரத்தப் புற்றுநோய் செல்கள் மடிந்தன. நோய் கண்ட எலிகளின் ஆயுளும் கூடியது. 1981ல் வெளியான இந்தச் செய்தி மருத்துவ உலகைத் தட்டி எழுப்பியது. பம்பின் அறைக்குள் வெரபாமில் புகுந்து இடத்தைப் பிடித்துக்கொள்கிறது; வின்கிரிஸ்டினை வெளியேற்ற வழியில்லாமல் போகிறது.

ஆனால் மனிதர்களிடம் சோதித்தபோது சங்கடம் எழுந்தது. பம்பை அடைக்க வேண்டிய அளவுக்கு வெரபாமில் கொடுத்தால் ரத்த அழுத்தம் இறங்கியது; இதயத் துடிப்பு தடுமாறியது. சிறுநீரகம் மாற்றியவர்களுக்குக் கொடுக்கும் சைக்ளோஸ்போரினும் பம்பை அடைத்தது. ஆனால் அது உடலின் நோய்த் தடுப்பாற்றலைக் குறைக்கும் மருந்து. ஆகவே அந்தத் தொல்லை இல்லாத அதன் உறவான வால்ஸ்போடார் தயாரானது. அதற்குப் பின் இந்தப் பம்பை மட்டுமே குறிவைத்த டாரிகிடார், சோசுகிடார் வந்தன.

ஆம்ஸ்டர்டாம் எலிகளின் எச்சரிக்கை

இதற்கிடையே ஒரு கேள்வி எழுந்தது. புற்றுநோய் செல்லுக்கு இந்தப் பம்பு எங்கிருந்து கிடைத்தது? அது யாருடைய சொத்து?

நம்முடைய சொத்துதான். ஆரோக்கியமான உடலிலும் குடல், கல்லீரல், சிறுநீரகம் ஆகியவற்றில் இந்தப் பம்பு இருப்பது 1987ல் தெரிய வந்தது. மூளையின் ரத்தக் குழாய்ச் சுவரிலும் இருப்பது பின்னர் புலப்பட்டது. மனிதன் தின்னும் இலையிலும் கிழங்கிலும் விதையிலும் ஏதேனும் நஞ்சு இருந்துகொண்டே இருக்கும். அதைக் குடலிலேயே திருப்பி அனுப்பவும், தப்பி வந்ததைச் சிறுநீரிலும் பித்தத்திலும் கழிக்கவும், மூளைக்குள் புகாமல் தடுக்கவும் உடல் நிறுத்தி வைத்த காவல்காரன் இவன்.

இந்தக் காவலன் இல்லாவிட்டால் என்ன ஆகும்? ஆம்ஸ்டர்டாமில் நெதர்லாந்து புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தில் ஆல்ஃபிரட் ஷின்கல், பீட் போர்ஸ்ட் ஆகியோரின் குழு, இந்தப் பம்புக்கான ஒரு மரபணுவை நீக்கி எலிகளை உருவாக்கியது. எலிகள் நன்றாக இருந்தன, குட்டிகளும் ஈன்றன. பம்பு இல்லாவிட்டாலும் பாதகமில்லை போலும் என்றே தோன்றியது. ஒரு நாள் எலிக் கூடங்களில் உண்ணித் தொல்லை. வழக்கம்போல் ஐவர்மெக்டின் தெளித்தார்கள். கொரோனா காலத்தில் நம் ஊரில் பெயர் அடிபட்ட அதே மருந்துதான். சாதாரண எலிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பம்பு இல்லாத எலிகள் செத்து விழுந்தன. மருந்து தடையின்றி மூளைக்குள் போய்விட்டது.

1994ல் வெளியான அந்த ஆராய்ச்சி, பம்பில்லாத எலிகளை ஐவர்மெக்டின் 100 மடங்கு எளிதில் தாக்கும் என்று கணக்கிட்டது. நமது நித்திய கல்யாணியின் வின்பிளாஸ்டினும் அவற்றை 3 மடங்கு எளிதில் தாக்கியது. புற்றுநோய் மருந்தோடு பம்பை அடைக்கும் மருந்தைச் சேர்க்க நினைத்தவர்களுக்கு இது தெளிவான எச்சரிக்கை.

ஆடு மேய்க்கும் கோலி இன நாய்கள் சில ஐவர்மெக்டினால் மயங்கி விழுவதற்கும் இதே காரணம் என்பது 2001ல் தெரிந்தது. அவற்றின் பம்பு மரபணுவில் நான்கே எழுத்துகள் விட்டுப்போயிருந்தன. வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் லோபரமைடு மாத்திரை அபினி வகையைச் சேர்ந்தது. இருந்தும் அது நமக்கு போதை ஏற்றாததற்கு இந்தக் காவலன் மூளை வாசலில் நிற்பது ஒரு முக்கிய காரணம்.

ஏமாற்றம் தந்த சோதனைகள்

எதிரியின் பம்பை அடைத்தால் நம் பம்பும் அடைபடும். நோயாளிகளிடம் நடந்தது அதுவே. கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் மருந்தைக் கழிக்கும் வேலை தடைபட்டது. வால்ஸ்போடார் போதாக்குறைக்குக் கல்லீரலில் மருந்துகளைச் சிதைக்கும் என்சைமையும் தடுத்தது. கீமோ மருந்து ரத்தத்திலேயே தேங்கியது. அதனால் டாக்டர்கள் கீமோ மருந்தின் அளவைக் குறைக்க வேண்டி வந்தது. எவ்வளவு குறைப்பது? ஒருவர் உடல் போல் மற்றவர் உடல் இல்லை. சிலருக்கு மருந்து அளவுக்கு மீறியது. சிலருக்குப் போதாமல் போயிற்று.

அமெரிக்காவில் 60 வயதைத் தாண்டிய ரத்தப் புற்றுநோயாளிகளிடம் வால்ஸ்போடாரைச் சோதித்தார்கள். 120 பேர் சேர்ந்த நிலையில், அந்த மருந்து பெற்ற பிரிவில் ஆரம்பத்திலேயே மரணங்கள் அதிகமானதால் அந்தப் பிரிவை நிறுத்தினார்கள். 2002ல் இதன் விவரம் வெளியானது. நுரையீரல் புற்றுநோயில் டாரிகிடார் சோதனைகளும் நச்சு விளைவுகளால் பாதியில் நின்றன. சோசுகிடாரை 449 முதியவர்களிடம் சோதித்தார்கள். அவர்களுடைய ஆயுள் கூடவில்லை என்று 2010ல் அறிவித்தார்கள்.

முழுத் தோல்வி என்றும் சொல்வதற்கில்லை. சைக்ளோஸ்போரின் சேர்த்து 226 ரத்தப் புற்றுநோயாளிகளிடம் நடந்த ஒரு சோதனை நல்ல பலன் தந்ததாக 2001ல் செய்தி வந்தது. ஆனால் பின்வந்த சோதனைகள் அதை உறுதிப்படுத்தவில்லை.

குறை மருந்தில் மட்டும் இல்லை. பல சோதனைகளில் நோயாளியின் கட்டியில் இந்தப் பம்பு இருக்கிறதா என்று பார்க்காமலே எல்லோரையும் சேர்த்திருந்தார்கள். பம்பே இல்லாதவனுக்குப் பம்பை அடைக்கும் மருந்து எதற்கு? மேலும், புற்றுநோய் செல்லுக்குத் தப்பும் வழி ஒன்று மட்டும் அல்ல. ஒரு பம்பை அடைத்தால் இன்னொரு பம்பு உண்டு. மருந்து தாக்கும் இடத்தையே மாற்றிக்கொள்ளும். சேதத்தைப் பழுது பார்த்துக்கொள்ளும். சாவதற்கான உத்தரவையே மதிக்காமல் இருந்துவிடும்.

அடைக்காமல் ஏமாற்றுவது

இத்தனை அடிபட்ட பிறகு ஆராய்ச்சியாளர்கள் வேறு பாதைகளில் நடக்கிறார்கள். காவலனைக் கட்டிப்போடுவதை விட, அவன் கையில் சிக்காத மருந்தைத் தயாரிப்பது ஒரு பாதை. அதற்கு நல்ல உதாரணம் கபாசிடாக்சல். யூ மர மருந்தின் வழியில் வந்த இது, பம்பு எளிதில் பிடிக்க முடியாதபடி தேர்ந்தெடுத்து உருவாக்கப்பட்டது. டோசிடாக்சல் என்ற மருந்து பெற்ற பிறகும் முற்றிய விந்துச்சுரப்பிப் புற்றுநோய்க்காக அமெரிக்கா இதை 2010ல் அனுமதித்தது.

இன்னொரு பாதை, பம்பைக் குடலில் மட்டும் அடைப்பது. பாக்ளிடாக்சல் மருந்தை வாய்வழி கொடுத்தால் குடலிலுள்ள பம்பு திருப்பித் தள்ளிவிடும். அதனால்தான் நரம்பில் ஏற்ற வேண்டியிருக்கிறது. ரத்தத்தில் அதிகம் சேராமல் குடலிலேயே வேலை செய்யும் என்செகிடார் என்ற மருந்தோடு பாக்ளிடாக்சலை வாய்வழி கொடுத்துப் பார்த்தார்கள். மார்பகப் புற்றுநோய் பரவிய 402 பெண்களிடம் நடந்த சோதனையில், வாய்வழி மருந்து பெற்றவர்களில் 36 சதவீதம் பேருக்கும், நரம்பில் பெற்றவர்களில் 23 சதவீதம் பேருக்கும் கட்டி சுருங்கியது. கைகால் மரத்துப்போகும் தொல்லையும் குறைவு. ஆனால் வெள்ளை அணுக்கள் குறைந்து ஆபத்தான விளைவுகள் சிலருக்கு ஏற்பட்டன. இன்னொரு சோதனை வேண்டும் என்று கூறி அமெரிக்க அதிகாரிகள் 2021ல் அனுமதி மறுத்தார்கள்.

பம்பின் உருவமும் இப்போது கண்ணுக்குத் தெரிகிறது. 2018, 2019 ஆண்டுகளில் ஸ்விட்சர்லாந்தின் சூரிச் நகரில் காஸ்பர் லாக்கரின் குழு, குளிரில் உறைய வைத்துப் பார்க்கும் மின்னணு நுண்ணோக்கியால் அதைப் படம் பிடித்தது. அறைக்குள் பாக்ளிடாக்சல் ஒற்றையாக இருந்தது. பம்பை அடைக்கும் சோசுகிடாரோ ஜோடியாக இடத்தை நிரப்பி அமர்ந்திருந்தது.

பம்பு என்பது கண்ணாடித் தட்டில் வளர்ந்த செல்களின் கதை மட்டும்தானா என்ற சந்தேகத்துக்கும் 2015ல் ஆஸ்திரேலியாவிலிருந்து பதில் வந்தது. கீமோ முடிந்து திரும்பி வந்த கருப்பைச் சினைப்பைப் புற்றுநோய்க் கட்டிகள் சிலவற்றில், பம்பு மரபணு வேறொரு மரபணுவின் விசையைத் தன்னோடு ஒட்டவைத்துக்கொண்டு ஓயாமல் ஓடியது. யாருக்குப் பம்பு இருக்கிறது என்று முதலில் பார்த்து, அதற்கேற்ப மருந்து கொடுக்கும் சிகிச்சைக்கு இத்தகைய சோதனைகளே அடிப்படை.

நோயாளியின் வீட்டில்

இந்த வரலாறு சிகிச்சை பெறுபவர்களுக்கும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்கும் இரண்டு விஷயங்களைச் சொல்கிறது.

முதலாவது, மருந்து கேட்காமல் போனால் அது நோயாளியின் குற்றமல்ல. மனத் திடம் இல்லாததாலோ, ஒரு வேளை பத்தியம் தவறியதாலோ இந்தப் பம்பு முளைப்பதில்லை. பல கோடி செல்களில் ஏதோ சில தப்பிப் பெருகியதன் விளைவு அது.

இரண்டாவது, கீமோ எடுக்கும் காலத்தில் டாக்டருக்குத் தெரியாமல் எதையும் சேர்க்கக் கூடாது. இதய நோய்க்கு டிகாக்சின் சாப்பிடுபவருக்கு வெரபாமிலைச் சேர்த்தால் டிகாக்சின் ரத்தத்தில் ஏறும். காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் இதற்கு நேர்மாறு. குடலில் இந்தப் பம்புகளைப் பெருக்கி மற்ற மருந்துகளை உள்ளே விடாமல் செய்யும். மிளகின் காரச் சத்தான பைப்பரின் இந்தப் பம்பைத் தடுக்கிறது என்று 2002ல் செல் சோதனைகளில் கண்டார்கள். உடனே மிளகு ரசம் புற்றுநோய்க்கு மருந்து என்று கிளம்பிவிட வேண்டாம். ரசம் வேறு, சத்தைச் சாறு பிழிந்து அடைத்து விற்கும் காப்ஸ்யூல் வேறு. அத்தகைய காப்ஸ்யூல்கள், லேகியங்கள், கஷாயங்கள் கீமோ மருந்தின் அளவை ரத்தத்தில் ஏற்றவும் கூடும், இறக்கவும் கூடும்.

பெரிய ஆஸ்பத்திரிகளில் பல ஆண்டுகள் பாடுபட்டவர்களுக்கே அந்த அளவைச் சரியாக நிறுத்துவது எளிதாக இருக்கவில்லை. ஊரிலிருந்து பாட்டி அனுப்பிய சூரணமாக இருந்தாலும், பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன மாத்திரையாக இருந்தாலும், டப்பாவை அப்படியே பையில் போட்டு எடுத்துச் சென்று டாக்டர் மேஜைமேல் வைத்துவிட வேண்டும். சாப்பிடலாமா, கூடாதா என்று அவர் சொல்லட்டும்.